ஒரு பெட்டியில் இரண்டு

மூடியை அழுத்தித்தான் மூடினாள், இரண்டு பக்கக் கொக்கியும் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, அப்படியென்றால் அந்தப் பாம்பு வெளியே போயிருக்க முடியாது, போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்... சோபாவுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறதென்றால் லொரீன் முழங்கால் வலியைப் பார்க்காமல் குப்புறப் படுத்துத் தேடியிருப்பாள். தேட வேண்டியதில்லை. கண்ணெதிரே பெட்டிக்குள் இன்னொரு பாம்பு, புளோரிடாக்காரி, கிடக்கிறாள், நடு உடம்பு உலக்கை மாதிரிப் பருத்து, செதில்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இடையில் வெள்ளைத் தோல் தெரிய. அவளோடு விட்ட கரோலினாக்காரன் இல்லை. கிங் ஸ்னேக்குக்கு விஷம் கிடையாது, ஆனால் இன்னொரு பாம்பைக் கண்டால் விழுங்கிவிடும், தன் இனமென்றும் பார்க்காது, அதனால்தான் ராஜா என்ற அந்தப் பேரே. ஒரு பெட்டியில ரெண்டு கூடாது லொரீன், மறந்துடாத, என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து புருஷன் ஹோய்ட் ஒவ்வொரு போனிலும் சொன்னானே, மூச்சு வாங்கிக்கொண்டு... மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் அவனுடைய இந்தப் பாம்பு அறைக்குள் கால் வைக்காதவள். அவன் நெஞ்சைப் பிளந்து தைத்த பிறகு வேறு யார் இருக்கிறார்கள் இவற்றுக்கு இரை போட? முதல் நாள் நீள இடுக்கியில் செத்த எலியைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நாலாம் நாள் கண் திறந்தே இருந்தது. மிசிசிப்பிப் பக்கத்துப் பாம்புக்குக் கறுப்பு உடம்பில் செதிலுக்கொரு மஞ்சள் பொட்டு, புளோரிடாவின் தென்கோடியில் பிறந்தவளுக்கு உடம்பெல்லாம் வெளுத்த தேன் நிறம், கரோலினாக்காரன் மட்டும் மினுங்கும் கறுப்பு, அதன்மேல் கழுத்திலிருந்து வால்வரை மெல்லிய வெள்ளைச் சங்கிலி... ஒரே சாதிப் பாம்பு ஊருக்கு ஊர் இப்படியா உடுத்திக்கொள்ளும்? ஏழாம் நாள் அந்தச் சங்கிலியின் கண்ணிகளை எண்ணினாள். முப்பத்தெட்டு. மறுநாளும் எண்ணினாள், சும்மாதான். செவ்வாய்க்கிழமை பெட்டி கழுவும் நாள், கரோலினாக்காரன் கையில், அவன் பெட்டி தொட்டியில் சோப்பு நுரையோடு, புளோரிடாக்காரியின் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்ற அவள் பெட்டியும் திறந்திருந்தது, அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "உடனே வர முடியுமாம்மா? அவருக்கு நாடி தாறுமாறா ஓடுது." கையிலிருந்தவனைத் திறந்திருந்த அந்தப் பெட்டிக்குள் விட்டாள், மூடினாள், ஓடினாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஹோய்ட் செத்துவிட்டான் என்றே தோன்றியது. சாகவில்லை. மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து பார்த்தபோது புளோரிடாக்காரியின் வாயோரம் ஒரு வால்நுனி, அதில் கடைசி வெள்ளைக் கண்ணி, அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போயிற்று.

இன்று வெள்ளிக்கிழமை. ஹோய்ட்டின் தங்கை நெல்டா அவனைக் கூட்டி வருகிறாள், காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள். "அண்ணி, உண்மையச் சொல்லித் தொலைக்காதீங்க, டாக்டர் அதிர்ச்சியே கூடாதுன்னிருக்கார். ஓடிப்போச்சுன்னு சொல்லுங்க. கால் இல்லன்னாலும் ஓடும்ல அது?" சொல்லலாம். பதினாறு வருஷத்துக்கு முன் முட்டையைக் கிழித்துக்கொண்டு வந்த கரோலினாக்காரனை ஹோய்ட்தான் உள்ளங்கையில் ஏந்தினான், சாவதென்றால் அது எனக்குப் பிறகுதான் சாகும் என்பான்... வாசலில் கார் நிற்கிறது. நெல்டாவின் குரல், பிறகு அவன் செருப்புச் சத்தம், நடுவில் ஒரு நிறுத்தம், மறுபடி சத்தம். வாசலில் வந்து நிற்கும்போது இவ்வளவு மெலிந்தா தெரிகிறான்? "சோள ரொட்டி சுட்டிருக்கேன், மொதல்ல உக்காரு ஹோய்ட்." "பதினாலு நாளா உக்காந்துதானே இருந்தேன்." சுவரைப் பிடித்துக்கொண்டு நேரே அறைக்குள் போகிறான், முதல் பெட்டி, இரண்டாவது, புளோரிடாக்காரியின் பெட்டிமுன் நிற்கிறான், பக்கத்தில் காலிப் பெட்டி கழுவித் துடைத்துச் சுத்தமாக இருக்கிறது. நெல்டா வாயைத் திறக்கிறாள். அதற்குள் லொரீனின் வாய் முந்திக்கொண்டது. "நான்தான். போன் வந்துச்சு, அவசரத்துல ரெண்டையும்..."

ஹோய்ட் முக்காலியில் மெல்ல உட்கார்ந்தான். கை நெஞ்சின்மேல் இருந்தது, தையல் வலிக்காகவா, உள்ளே வேறெதற்காவதா, கேட்கப் பயமாக இருந்தது.

"வெறுங்கையாலயா எடுத்த?"

"என்னது?"

"அவனை. கையுறை போடாமயா?"

"ஆமா."

"நீயா?" அவன் முகத்தில் ஏதோ சிரிப்பைப்போல வந்து நின்றது. "கடிக்கலயா?"

"இல்ல. மணிக்கட்டச் சுத்திக்கிச்சு. விடவே மாட்டேன்னுச்சு. நான்தான் ஒவ்வொரு சுத்தாப் பிரிச்சு..."

நெல்டா தண்ணீர் எடுக்கப் போனாள். ஹோய்ட் கண்ணை மூடிக்கொண்டான். லொரீன் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்... மூன்று சுற்று, வாலிலிருந்து தொடங்கி, வலிக்கக் கூடாதென்று பார்த்துப் பார்த்து, நிதானமாகத்தான் பிரித்தாள். அவசரம் என்றாளே, அவனை வேறெதிலாவது விட அவ்வளவு நேரம் இருந்திருக்கிறதே.