அமானிதமாக ஒரு கியர்பாக்ஸ்

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இல்யாஸின் கார் ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏறி என் ஷெட்டுக்கு வந்தது. பின்னாலேயே இன்னொரு காரில் இல்யாஸும் அவன் வாப்பா அப்துல் காதரும் வந்தார்கள். ஷெட் எங்கள் பக்கத்துச் சின்ன ஊரான புதுக்கோட்டையில், திருநெல்வேலி ரோட்டுமேலேயே இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும்தான் பார்ப்பேன். அந்தக் காரின் கியர்பாக்ஸை நான் கட்டி முடித்து நாலு மாதம்கூட ஆகவில்லை. தெரிந்தவரை ஆம்புலன்ஸில் பார்த்த மாதிரி இருந்தது.

இல்யாஸும் நானும் காயல்பட்டினத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நான் ஆத்தூர்க்காரன், வயல்காட்டுப் பிள்ளை. பாதி நாள் மதியச் சாப்பாடு அவன் வீட்டில்தான். அவன் வாப்பாவை நானும் வாப்பா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். துபாயில் பத்து வருஷம் உழைத்து அவன் ஆசைப்பட்டு வாங்கிய கார் இது. மிதித்தால் ஆளைச் சீட்டோடு சேர்த்து அறையும். முன்னால் வைத்திருந்தவன் எஞ்சினை டியூன் பண்ணியிருந்தான். அந்தப் பலத்தைக் கியர்பாக்ஸ் தாங்கவில்லை. “முழுசாப் பிரிச்சுக் கட்டுலே வேலு, எத்தன மாசம் ஆனாலும் சரி” என்றான். கனமான கிளட்ச் பிளேட்டுகளைத் துபாயிலிருந்து ஊருக்கு வருகிற ஆட்களின் பெட்டியில், பேரீச்சம்பழத்துக்கு நடுவே கொடுத்துவிட்டான். ஆழமான ஆயில் சட்டி, முன்னால் பெரிய கூலர், எல்லாம் சேர்த்து எட்டு மாதம். ஆயில் அளவு பார்க்கவே எனக்கு அரை நாள் வேண்டும். எஞ்சின் ஓட வேண்டும், ஆயில் சூடு நாற்பது டிகிரியில் நிற்க வேண்டும், அப்போது துவாரத்தில் நூல் மாதிரி வழிந்தால்தான் அளவு சரி. அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது.

வண்டியை என்னிடம் விட்டுத் துபாய்க்குத் திரும்புகிற அன்று சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவனே மூடிவிட்டு, “இது அமானிதம்லே” என்றான். அவன் வீட்டில் நான் அடிக்கடி கேட்ட சொல். நம்பி ஒப்படைத்த பொருள் என்று அர்த்தம். சொந்தப் பொருளைவிட ஒரு படி மேலாகக் காக்க வேண்டும்; அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்பார் வாப்பா. என் சாமிக்கும் அது பொருந்தும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

புதுப் பிளேட் பதிய ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும். அந்தக் காலத்தில் கியர்பாக்ஸ் ஓட்டுகிறவனின் காலைப் படித்துக்கொள்ளும். நம் கால் பதமாக இருந்தால் அதுவும் பதமாகக் கியர் மாற்றப் பழகும். ஞாயிறுதோறும் உடன்குடி வரை போய், கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத் திரும்புவேன். “இம்புட்டுப் பெரிய வண்டிய வச்சுக்கிட்டு மாட்டுவண்டி ஓட்டுதீயளே” என்று காப்பிக் கடை முப்பிடாதி கேலி பண்ணுவார். பண்ணட்டும் என்று விட்டுவிடுவேன்.

போன மாதக் கடைசியில் இல்யாஸ் போன் போட்டான். தம்பி அம்ஜத்துக்குக் குலசேகரன்பட்டினத்தில் கூட்டாளி கல்யாணம், ரெண்டு நாளைக்கு வண்டியைக் கொடு என்றான். அம்ஜத் இரண்டு வருஷத்துக்கு முன் வாப்பாவின் காரைப் பாலத்துச் சுவரில் ஏற்றியவன். இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று வாப்பாவிடம் சத்தியம் பண்ணியவன். “பிளேட் இன்னும் பதியலலே” என்றேன். “நான் அவன்ட்டச் சொல்லிட்டேன், நீ குடு” என்றான். கொடுத்தேன். திரும்பி வந்தபோது இரண்டாவது கியரில் லேசாக வெட்டியது. “மெதுவாத்தான் போனேன் காக்கா” என்றான் அம்ஜத்; அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கம். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரைச் செருகிப் பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளையைச் சந்தேகப்படக் கூச்சமாக இருந்தது. அண்ணன் அடுத்த வாரம் லீவில் வருகிறானே என்று உறை போட்டு மூடி வைத்தேன்.

இப்போது வாப்பா காரைச் சுற்றி வந்தார். “நேத்து சாயந்தரம் இங்கருந்து எடுத்துட்டுப் போனோம். ஆறுமுகநேரி தாண்டல, மூணாவது கியர் விழமாட்டேன்னுட்டு. இது காட்டுத்தனமா ஓட்டுன வண்டின்னு எனக்கே தெரியுது தம்பி. யாரு ஓட்டுனா?”

“அம்ஜத் ரெண்டு நாள் கொண்டு போனான் வாப்பா. இல்யாஸ்தான் போன் போட்டுக் குடுக்கச் சொன்னான்.”

வாப்பா மகனைப் பார்த்தார். இல்யாஸ் தன் செருப்பைப் பார்த்தான்.

“நான் எப்பலே போன் போட்டேன்? அம்ஜத் அந்த வண்டியத் தொடவே இல்ல. ஒன்ட்ட அமானிதமாத்தான தந்துட்டுப் போனேன்.”

முப்பத்து நாலு வயதில் முதல் தடவையாக அவன் பொய் சொல்லிக் கேட்கிறேன். அதையும் என் முகத்துக்கு நேராகவே சொன்னான். வாப்பா கத்தவில்லை. “எங்க வீட்டுல சாப்பிட்டவம்லா நீ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்தார். ஆயில் மாற்ற வந்திருந்த செல்வதுரை, மேஜையில் வைத்த சாவியை மெல்ல எடுத்துக்கொண்டு, “இன்னொரு நாள் வாரேன் அண்ணாச்சி” என்றார். என்னிடம் வருகிற கார்களில் பாதி காயல்பட்டினத்துக் கார்கள். வாப்பா பள்ளிவாசல் வாசலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் ஷெட்டை மூட வேண்டியதுதான்.

அவர்கள் போனதும் காரை மேலே தூக்கி ஆயிலை இறக்கினேன். சிவப்பாக வர வேண்டிய ஆயில் கருப்பாக, தீய்ந்த வாடையோடு வந்தது. சட்டிக்குள் இருக்கும் காந்தத்தில் கருஞ்சேறு அப்பியிருந்தது. எந்த வண்டியிலிருந்து ஆயில் இறக்கினாலும் கொஞ்சத்தை ஒரு டானிக் பாட்டிலில் பிடித்து, தேதி, கிலோமீட்டர், ஓட்டியவர் பெயர் மூன்றையும் எழுதி ஒட்டி, ஜன்னல் அலமாரியில் வைப்பது என் வழக்கம். இதையும் பிடித்து மூடினேன். பிறகு ஸ்கேனரைச் செருகினேன். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்து, பிரேக்கை மட்டும் விட்டுப் பாய வைப்பதை லாஞ்ச் என்பார்கள். ஒவ்வொரு லாஞ்சையும் காரின் கம்ப்யூட்டர் கிலோமீட்டரோடு குறித்துக்கொள்ளும். முப்பத்தேழு லாஞ்ச். அத்தனையும் நான் அம்ஜத்திடம் கொடுத்ததற்கும் அவன் திருப்பித் தந்ததற்கும் நடுவிலிருந்த கிலோமீட்டர்களில். பதியாத பிளேட்டில் முப்பத்தேழு தடவை. அழுகை வந்தது. பிளேட்டுக்காக மட்டும் வந்த அழுகை இல்லை அது.

நாலரை மணிக்கு இல்யாஸ் பைக்கில் தனியாக வந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். அவன் வாயைத் திறக்கிற வரை அப்படித்தான் நினைத்தேன்.

“எத்தன காட்டுது?” என்றான்.

“முப்பத்தேழு.”

தலையை ஆட்டினான். “அத அழிக்க முடியுமாலே?”

“முடியும்” என்றேன். தொழில் சம்பந்தமாக யாராவது கேட்டால் உண்மைதான் முதலில் வந்து விழுகிறது.

“அடுத்த மாசம் அம்ஜத்துக்கு நிக்காஹ். சத்தியத்த மீறிட்டான்னு தெரிஞ்சா வாப்பா நிக்காஹ்வயே நிறுத்திருவாரு. அவர ஒனக்குத் தெரியும்லா. பிளேட்டு நான் புதுசா அனுப்புதேன்.”

“எம் பேரு?”

“நாளாவட்டத்துல மறந்துருவாங்கலே.” கிட்டே வந்து என் கையைப் பிடித்தான். விரல்களை அவனே மூடினான். உள்ளே ஒன்றும் இல்லை. “இது நமக்குள்ள அமானிதமா இருக்கட்டும்” என்றான்.

பைக் சத்தம் ரோட்டில் கரைகிற வரை கையைத் திறக்காமலே நின்றேன். திறந்து பார்த்தால் ரேகையெல்லாம் ஆயில். ஸ்கேனர் அழிக்கவா வேண்டாமா என்று கேட்டபடி என் விரலுக்காகக் காத்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் பாட்டிலை எடுத்தேன். லேபிளில் தேதி எழுதினேன், கிலோமீட்டர் எழுதினேன். மூன்றாவது வரியில், ஓட்டியவர் பெயருக்கு முன், பேனா நின்றது. பாட்டிலை அலமாரியில் வரிசையோடு வைத்தேன். மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கியது. மற்ற பாட்டில்கள் ஒவ்வொன்றும் எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புத் திட்டு போட்டிருந்தன. இந்தப் பாட்டிலின் இடத்தில் மட்டும் நிழல் விழுந்திருந்தது.