ஏழாம் ஜன்னல், நாலு மணி

அன்று மழை பெய்ததா என்பது எனக்கு உறுதியில்லை. பெய்தது என்று பாடலாசிரியரின் மனைவி ஒரு தடவை சொன்னாள். வெயில் கொளுத்தியது என்று இன்னொரு தடவை. நானே எதையோ சேர்த்துக்கொண்டும் இருக்கலாம். ஜன்னலைப் பற்றி மட்டும் அவள் மாற்றிச் சொன்னதே இல்லை.

அப்போது அவள் காசநோய் மருத்துவமனையில் கிடந்தாள். உள்ளே யாரையும் விடமாட்டார்கள். வந்தவர்கள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். நோயாளிகள் ஜன்னலில் நின்று கையசைப்பார்கள். அவளுடையது ஏழாம் ஜன்னல். மறுநாள் அறுவைச் சிகிச்சை. பிழைப்பாளா என்று கேட்டால் டாக்டரே பிடிகொடுக்காமல் பேசினார். ஒன்றரை வயது மகளைத் தூக்கி வந்து காட்டும்படி கணவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் மறதிக்காரர். கையிலிருந்த பாட்டுத்தாளின் தலையில் குறித்துக்கொண்டார்: "ஏழாம் ஜன்னல், நாலு மணி."

ஒலிப்பதிவுக் கூடத்தில், எல்லோரும் 'தொண்டை' என்று கூப்பிடும் பாடகர் அந்தத் தாளை வாங்கி, தலையிலிருந்தே பாடிவிட்டார். மெட்டில் அச்சாக உட்கார்ந்தது. இசையமைப்பாளர் துள்ளிக் குதித்தார்.

"யோவ், எங்கேய்யா பிடிச்சே இதை? இதுதான் பல்லவி. மிச்சத்தையெல்லாம் மாத்து!"

பாடலாசிரியர் உட்கார்ந்து மாற்றினார். எழுந்தபோது மணி ஆறரை.

அவள் ஆறு மணிவரை நின்றாள். பிறகு நர்ஸ் வந்து தோளைப் பிடித்து அழைத்துப்போனாள்.

பாட்டு ஓடு ஓடென்று ஓடியது. அர்த்தம் புரியாததாலேயே ஓடியது என்றும் சொல்லலாம். இருபது வருடம் கழித்து, பேட்டி எடுக்க ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"சார், அந்த ஏழாம் ஜன்னல்?"

"கண்ணு, காது, மூக்கு, நாக்கு, தோலு, இதெல்லாம் அஞ்சு ஜன்னல். மனசு ஆறாவது. ஏழாவது, ஆன்மா."

டீ கொண்டுவந்த மனைவி நின்றாள். கணவர் முகத்தையே பார்த்தாள். இன்றைக்காவது சொல்லிவிடுவார் என்று நினைத்திருந்தாள்.

"அது ஆஸ்பத்திரி ஜன்னல், தம்பி. இவர் வரலை."

கணவர் சிரித்தார். "இவ பெரிய கிண்டல்காரி. இப்படித்தான் எதையாவது எடுத்து விடுவா."

மகளும் சிரித்தாள். "அம்மா, உனக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்? சும்மா இரேன்."

பேட்டியாளர் போனதும் அவர் சமையலறை வாசலுக்கு வந்தார்.

"இன்னும் எத்தனை வருஷம் இதையே சொல்லிக் காட்டுவே? அதான் பொழைச்சு வந்துட்டியே."

"நான் வந்துட்டேன். நீங்கதான் வரலை."

பேட்டி வெளியானபோது அவள் சொன்னது அதில் இல்லை. தொண்டைக்குக் குரல் போய்விட்டது. இசையமைப்பாளர் இறந்துபோனார். மகள் கல்லூரியில் வகுப்பெடுக்கிறாள். ஏழாவது ஆன்மா என்றுதான் சொல்லிக்கொடுக்கிறாள். பாடலாசிரியருக்கு விருது கிடைத்தது. அதை வாங்கப் போனபோது அவர் தனியாகத்தான் போனார். அவர் மனைவி அதற்கு முந்தின மாதமே தன் தங்கை வீட்டோடு போய்விட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.