சிட்டுவின் இடம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டிய படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக, தரையில் படாமல் மடித்துவிடுவாள். பல வருடமாக நீராவியில் வெந்துகொண்டிருந்தவளை ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, இனி நீதான் ஷிஃப்டுக்கு மேற்பார்வை என்றார். கூடமே கைதட்டியது.

"இனிமே நெட்டை நம்மளையெல்லாம் குனிஞ்சுதான் பாப்பா," என்றாள் இஸ்திரி போடுகிறவள்.

"இப்ப மட்டும் என்ன, அண்ணாந்தா பாக்கறேன்?"

அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் மகள் சிட்டுவுக்கு மூன்று வயது. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்குக் காப்பகக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் கட்டிவந்தது. அதை நம்பித்தான் குடும்பம் ஓடியது. புருஷனுக்கு ராத்திரி லாரி ஓட்டும் வேலை. பகலெல்லாம் அடித்துப்போட்டாற்போலத் தூங்குவான்.

சம்பளம் கூடியதுமே அந்த உதவி நின்றுவிட்டது. பதறிப்போய் அரசாங்க அலுவலகத்துக்கு ஓடினாள்.

"வருமான வரம்பைத் தாண்டிட்டீங்கம்மா," என்றார் அங்கிருந்த அலுவலர்.

"கொஞ்சூண்டுதானே சார் தாண்டியிருக்கு? கூடின சம்பளம் காப்பகத்துக்குக் கால்வாசி கூடக் காணாதே."

"எனக்குப் புரியுது. ஆனா கொஞ்சம் தாண்டினாலும் தாண்டினதுதான். மொத்தமா நின்னுடும்."

அவர் குரலில் எரிச்சல் இல்லை. எரிந்து விழுந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

பழைய வேலையையே கொடுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சிப் பார்த்தாள். "உன் இடத்துக்குத்தான் ஆள் போட்டாச்சே. இதுவும் வேணாம்னா சொல்லிடு," என்றுவிட்டார் அவர்.

சிட்டுவைக் காப்பகத்திலிருந்து நிறுத்தினார்கள். "நான் பாத்துக்கறேன், நீ போ," என்றான் புருஷன். கதவைத் தாழிட்டு, பொம்மைகளைக் கட்டிலைச் சுற்றிப் பரப்பி, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படுப்பான். கண்ணைத் திறந்து வைத்திருக்கத்தான் பார்த்தான். உடம்பு கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் காப்பகத்து டீச்சரிடமிருந்து நெட்டைக்குப் போன் வந்தது. "சிட்டு இங்க வந்து நிக்கறா. தனியா வந்திருக்கா."

பிள்ளை ஸ்டூலை இழுத்துப்போட்டுத் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறாள். லாரியும் பஸ்ஸும் பறக்கும் பெரிய ரோட்டைக் கடந்திருக்கிறாள். நெட்டை போய்ச் சேர்ந்தபோது டீச்சர் அவளை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் காலில் செருப்பில்லை.

"நான் சமத்தாத்தான் கூப்பிட்டேன்மா," என்றாள் சிட்டு. "ரொம்ப நேரம் யாருமே கேட்டைத் தொறக்கல."

புருஷன் தெருத்தெருவாகத் தேடி அலைந்துவிட்டு மூச்சிரைக்க வந்தான். மகளைக் கண்டதும் தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நெட்டை மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மறுநாளே வேலையை விட்டாள்.

மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போனாள்.

"இப்ப எனக்குச் சம்பளமே இல்ல சார். இனிமே கிடைக்குமில்ல?"

அலுவலர் தயங்கினார். "வேலைக்குப் போறவங்களுக்குத்தானேம்மா இந்த உதவி."

"பிள்ளைய விட ஒரு இடம் இருந்தாத்தானே சார் நான் வேலை தேடவே போக முடியும்?"

"வேலை கிடைச்சதும் வாங்க. நானே பாத்துச் செய்யறேன்."

வரும் வழியில் காப்பகத்தில் விசாரித்தாள். சிட்டுவின் இடத்தில் வேறொரு பிள்ளையைச் சேர்த்தாகிவிட்டது.

சாயங்காலம் லாரிக்குக் கிளம்பிய புருஷன் கேட்டான், "என்ன சொன்னாங்க?"

சொன்னாள்.

"பேசாம நான் வேலைய விட்டு நின்னுடட்டுமா?"

"நின்னுட்டு? அப்புறம் எதைத் திங்கறதாம்?"

அவன் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

தினமும் காலையில் எழுந்ததும் சிட்டு, "இன்னிக்கு ஸ்கூலாம்மா?" என்பாள். இல்லை என்றால் நாளைக்கா என்பாள். நெட்டை ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள். மழைக்காலம் தொடங்கியபோது சிட்டு கேட்பதை நிறுத்திவிட்டிருந்தாள்.