இருபத்தொன்றுக்குக் குறையாது

என் வீட்டுக்காரர் பீர் முகம்மது முப்பத்திரண்டு வருடமாக கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் துணி வியாபாரம் செய்கிறார். ஒரு சேலைக்கு விலை நூறு வெள்ளி என்பார். வாங்குகிறவர் ஐம்பதில் ஆரம்பிப்பார். அறுபதில் முடியும். அடக்க விலை அதற்கும் கீழேதான் இருக்கும். முதலில் சொன்ன விலைக்கு இதுவரை ஒருவரும் வாங்கியதில்லை.

வீட்டிலும் அதே வாய்தான். நூற்றுநான்கு டிகிரி காய்ச்சல் என்பார். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் நூறுகூட இருக்காது. அதனால் அவர் எதைச் சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பேன்.

மூன்று மாதமாக ஒரு புதுக் கூத்து. கடையைப் பூட்டிவிட்டு கிள்ளானில் இருக்கிற வீட்டுக்கு ரயில் ஏறுகிறவர், பாதி வழியில் சுபாங் ஜெயாவில் இறங்கி, பூட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்கத் திரும்பிப் போகிறார். சில நாள் இரண்டு தடவை. கேட்டால், "நெஞ்சு படபடக்குது, உசிரே போகுது சௌதா" என்பார். தினமும் போகிற உயிர் தினமும் சாப்பிடவும் வருகிறதே என்று நினைத்துக்கொள்வேன். சோறு ஆறிப்போகிற எரிச்சலில்தான் அவரை கிளினிக்குக்கு இழுத்துப் போனேன்.

டாக்டர் தாமரைக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். ஒரு ஃபார்மை நீட்டினாள். மனப் பதற்றம் எவ்வளவு என்று பார்க்க ஏழு கேள்விகள். இரண்டு வாரமாக இப்படி இருக்கிறதா? இல்லவே இல்லை என்றால் சைபர், ஏறக்குறைய தினமும் என்றால் மூன்று. இவர் அரை நிமிடத்தில் ஏழுக்கும் மூன்று போட்டார்.

"என்னங்க, எல்லாத்துக்கும் மூணா?"

"சும்மா இரு லா. எப்படியும் கொறைப்பாங்க. நாமளே பத்துன்னு ஆரம்பிச்சா அஞ்சுல வந்து நிக்கும். அஞ்சுக்கு என்ன வைத்தியம் பார்ப்பாங்க?"

டாக்டர் கூட்டிப் பார்த்தாள். "இருபத்தொண்ணு, அங்கிள். இதுக்கு மேல இந்த ஃபார்ம்ல நம்பரே இல்ல. ஸ்பெஷலிஸ்ட் பார்க்கணும். லெட்டர் தரேன்."

இவர் முகம் செத்துப்போனது. முதல் விலைக்கே ஒத்துக்கொள்கிற ஆளைக் கண்டால், எங்கோ ஏமாந்துவிட்டோம் என்றுதான் வியாபாரிக்குத் தோன்றும்.

"நீங்க ஒண்ணுமே கொறைக்கலையே, டாக்டரம்மா?"

"நான் எப்படி கொறைக்கிறது? அது உங்க மார்க்."

"சரி, பதினாறு."

"அங்கிள்..."

"பதினாலு. கடைசி."

இவர் தன்னிடமே பேரம் பேசி இறங்கிக்கொண்டிருந்தார். எனக்கு மானமே போனது. பிறகு எழுந்து, விலை கட்டுப்படியாகாத வாடிக்கையாளர் மாதிரி, மெதுவாகக் கதவு வரை நடந்தார். கூப்பிடுவாள் என்று நின்று பார்த்தார். கூப்பிடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஃபார்மை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "எதுல கொறைக்கணுமோ நீங்களே கொறைங்க, அங்கிள்."

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்சாகமாகப் பேனாவை எடுத்தார். கவலையை நிறுத்த முடியவில்லையா என்ற கேள்வியில் மூன்றை அடிக்கப் போனவர், விரல் விட்டு எண்ணினார். திங்கள் திரும்பிப் போனேன், செவ்வாய் போனேன், புதன்... பேனா அடுத்த கேள்விக்கு நகர்ந்தது. சும்மா உட்கார முடியவில்லையா? தன் காலைக் குனிந்து பார்த்தார். அது ஆடிக்கொண்டே இருந்தது. எரிச்சல் வருகிறதா? என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயமா? அந்தக் கடைசிக் கேள்வியில் வெகுநேரம் நின்றார்.

ஒன்றையும் அடிக்காமல் பேனாவை மூடி வைத்தார்.

"எதுலயும் கை வைக்க முடியலம்மா" என்றார். குரல் எழும்பவில்லை. "வெல ஏத்திச் சொல்றதா நெனச்சுத்தான் போட்டேன். எல்லாம் அடக்க வெலயாத்தான் இருக்கு."

டாக்டர் கடிதம் எழுதத் தொடங்கினாள். மூன்று மாதமாக அந்த மனிதர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். பாதியைத் தள்ளியவள் நான்.

வெளியே வந்ததும் நின்றுவிட்டார். "நெஞ்சு படபடக்குது சௌதா. உசிரே போகுது."

அவர் கையைப் பிடித்து, அங்கிருந்த பெஞ்சில் உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.