கரடியின் நாலு பாட்டு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் தங்கையைத் தவிர யாருக்கும் நினைவில்லை. மேடையிலும் வெளியிலும் அவர் கரடிதான். முகத்தில் பாதியை மூடிய தாடி ஒரு காரணம், அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டு வரும் குரல் இன்னொரு காரணம். "அதெல்லாம் இல்ல, வாயைத் திறந்தா கரடி விடுவான், அதான் அந்தப் பேரு" என்பாள் தங்கை.

ராக் பாட்டு கேட்கிறவர்கள் மத்தியில் ஒரு காலத்தில் அவர் கொடிகட்டிப் பறந்தவர். குழு கலைந்த பிறகு நெடுநாள் சும்மா இருந்தார். அறுபதைத் தாண்டியதும் திடீரென்று பாட்டு பிறக்க ஆரம்பித்தது. முழு ஆல்பம் போடத் தெம்பில்லை. நாலே பாட்டு, ஒவ்வொன்றிலும் தனக்குப் பிடித்த ஒருவரை விருந்தாளியாகக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார். தங்கை ஒலிப்பதிவுக்காரி. தன் வீட்டுக் கீழ்த்தளத்தையே ஸ்டுடியோவாக்கி வைத்திருந்தாள். இரண்டு பாட்டு நன்றாகவே வந்துவிட்டது.

மூன்றாவது பாட்டுக்கு ஓர் இளம் பாடகி. ஆள் சின்னதாக இருப்பதால் சுண்டெலி என்று பெயர். பாட ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அவளால் கொடுக்க முடிந்தது ஒரே ஒரு நாள். மறுநாள் வெளியூர்க் கச்சேரிகளுக்குக் கிளம்பினால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும்.

அந்த நாள் காலையில்தான் அது நடந்தது.

போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. சோம்பலோடு வலப்பக்கம் புரண்டார். மணி நின்றுவிட்டது. விட்டது தொல்லை என்று கண்ணைத் திறந்தால், மேஜைமேல் போன் மினுங்கிக்கொண்டு அதிர்ந்து நகர்வது தெரிகிறது. சத்தம்தான் இல்லை. தலையைத் தூக்கினார், மணி கேட்டது. வலது காதைத் தலையணையில் அழுத்தினார், நின்றது. இன்னொரு முறை செய்து பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

குளியலறையில் ஒற்றைக் காலில் குதித்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதினார். இடது காதருகே விரலைச் சொடுக்கினார். சொடுக்கியது விரலுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் காதுக்குள், பிரேக் போட்ட ரயில் மாதிரி ஒரு கீச்சொலி ஆரம்பித்து நிற்காமல் ஓடியது. "அழுக்கு அடைச்சிருக்கும்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். தன் குரலே அடுத்த அறையில் யாரோ பேசுவதுபோல் கேட்டது.

தங்கை வீட்டுக்குச் சாலையைக் கடக்கையில் ஒரு பைக் அவர் முழங்காலை உரசிக்கொண்டு நின்றது. இடப்பக்கமிருந்து வந்திருக்கிறது.

"எத்தனை தடவை ஹாரன் அடிக்கிறது? காது செவிடா?" என்று கத்தினான் பைக்காரன்.

வேறொரு நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பார். இன்று தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்.

ஸ்டுடியோவில் ஹெட்ஃபோனை மாட்டினார். அவருடைய கிடார் இடப்பக்கமும் சுண்டெலியின் குரல் வலப்பக்கமும் வரும்படி தங்கை வைத்திருந்தாள். கிடார் சத்தத்தைக் காணோம்.

"குட்டி, இதுல ஒரு பக்கம் வேலை செய்யல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தங்கை வந்து, தன் காதில் மாட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

"வேற குடு."

வேறு கொடுத்தாள். அதிலும் அதே கதை. ஒயர் கெட்டிருக்க வேண்டும், மெஷின் கெட்டிருக்க வேண்டும், தன்னைத் தவிர இந்த அறையில் ஏதாவது ஒன்று கெட்டிருக்க வேண்டும் என்று மனம் மன்றாடியது.

"இப்போ சரியா?" என்றாள் தங்கை.

"ம், சரியாயிடுச்சு."

பாட ஆரம்பித்தார்கள். சுண்டெலி பாடுவது மட்டும் ஒரு பக்கம் கேட்டது. தன் குரல் எங்கே நிற்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. இருட்டில் படி இறங்குகிறவர்போல ஒவ்வொரு சுரத்திலும் காலை வைத்துப் பார்த்துப் பாடினார். சுருதி சறுக்கியது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி சறுக்கியது. வியர்வை தாடிக்குள் இறங்கியது. இடப்பக்கம் நின்ற சுண்டெலியின் உதடு அசைவதைத் தற்செயலாகப் பார்த்தவர், சட்டென்று உடம்போடு திரும்பி, முகத்தை அவளிடமிருந்து விலக்கி வலது காதைக் காட்டினார்.

இடைவேளையில் சுண்டெலி தங்கையிடம் வந்து நின்றாள். "அக்கா, நான் தப்பாப் பாடுறேனா? ஏதாவது கேட்டாலே சார் மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு."

தங்கை காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய், கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த அண்ணனின் இடப்பக்கமாக நின்று, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"அண்ணா, உன் தோள்ல பல்லி."

பல்லி என்றால் சின்ன வயதிலிருந்தே கட்டில்மேல் ஏறிவிடுகிற ஆள் அவர். ஒருமுறை மேடையிலிருந்தே குதித்து ஓடியிருக்கிறார். இப்போது தலையைக்கூடத் தூக்காமல் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

தங்கை சுற்றி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எப்போலேருந்து?"

"என்ன எப்போலேருந்து?"

"கரடி விடாதே. இடது காதுதானே?"

அவர் கிடாரைக் கீழே வைத்தார். "காலையில எழுந்தப்போ இல்ல" என்றார், வாசலில் விட்ட செருப்பைப் பற்றிச் சொல்வதுபோல. "சொன்னா நிறுத்திடுவே. அந்தப் பொண்ணு நாளைக்குக் கிளம்புது. இந்த ஒரு பாட்டு, குட்டி. முடிச்சிட்டு நீ எங்க கூப்பிட்டாலும் வரேன்."

தங்கை தனக்குத் தெரிந்த காது டாக்டருக்குப் போன் போட்டாள். பேசி முடித்ததும் அண்ணன் பக்கம் திரும்பினாள். "உடனே கூட்டிட்டு வரச் சொல்றாங்க. லேட்டாக லேட்டாகக் காது திரும்பி வர்றது கஷ்டமாம்."

"திரும்பி வராதுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

விஷயம் அதுதான். பாட்டு ஒரு சாக்கு. டாக்டர் முன்னால் போய் உட்காராதவரை அது வெறும் அழுக்கு அடைப்பு. உட்கார்ந்துவிட்டால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும்.

தங்கை எழுந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மெஷின்களின் விளக்கெல்லாம் செத்தன. "இப்போ பாடு, பாப்போம்."

கதவோரம் நின்ற சுண்டெலிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "போங்க சார். என் பங்கை நான் பாடி வெச்சிட்டுப் போறேன், உங்க பங்கை எப்போ வேணா சேர்த்துக்கலாம். அக்கா, மெஷின் எனக்கு ஓட்டத் தெரியும். சாவியை மட்டும் குடுங்க."

ஆஸ்பத்திரியின் சோதனை அறையும் ஸ்டுடியோ மாதிரியே இருந்தது. தடித்த கதவு, நடுவில் கண்ணாடி, ஹெட்ஃபோன். சத்தம் கேட்டால் அமுக்க ஒரு பொத்தானைக் கையில் கொடுத்தார்கள். வலது காதுக்கு மடமடவென்று அமுக்கினார். பிறகு இடது காதின் முறை வந்தது. கீச்சொலியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அப்பால் தங்கை நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் பொத்தானை அமுக்கினார். கொஞ்சம் விட்டு இன்னொரு முறை அமுக்கினார். தாளம் தெரிந்த மனிதர். எந்த இடைவெளியில் சத்தம் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து அமுக்கிக்கொண்டே போனார்.

சோதனை செய்த பெண் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். வலது காதருகே குனிந்து, "ஐயா, இடது காதுக்கு நான் இன்னும் சத்தமே குடுக்கல" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பயமா இருக்கும்மா."

"தெரியுது. ஆனா கேக்கலைன்னா அமுக்காதீங்க. அப்பத்தான் டாக்டரால வைத்தியம் பாக்க முடியும்."

அதன் பிறகு வெகுநேரம் கட்டைவிரலைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். அதை அமுக்க ஒரு சத்தமும் வரவில்லை.

மாத்திரையும், காதுக்குள் போடும் ஊசியும் என்றார் டாக்டர். "சிலருக்கு முழுசா வரும், சிலருக்குப் பாதி, சிலருக்கு வராது. ஏன்னு கேட்டா எங்களுக்கே சரியாத் தெரியாது."

"அப்போ வலது காது?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கிறேன். இருந்தாலும் பத்திரமாப் பாத்துக்கோங்க. டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர் பக்கமே போகாதீங்க."

'நினைக்கிறேன்' என்ற அந்த ஒரு சொல் அவரை ஆட்டிப் படைத்தது. தட்டு விழுந்தால் காதைப் பொத்தினார். தும்மவே பயந்தார். குளிக்கும்போது வலது காதில் பஞ்சு வைத்தார், பஞ்சு வைத்ததும் எழுந்த அமைதியில் பதறிப்போய் அதைப் பிடுங்கி எறிந்தார். வெளியே போகும்போதெல்லாம் தங்கை இடப்பக்கம் நடந்தாள். ஊசிகள் முடிகிற சமயம், ஒரு லாரியின் உறுமல் இடது காதில் மங்கலாக விழுந்தது. தெருவிலேயே நின்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அத்தோடு சரி. கனத்த சத்தங்கள் மட்டும் கொஞ்சம் வந்தன. கீச்சென்ற உயர்ந்த சத்தமெல்லாம் போனது போனதுதான்.

ரெக்கார்டை அப்படியே விட்டுவிடலாம் என்றார். நாலாவது பாட்டுக்கு வாசிக்க வேண்டியிருந்த வயலின்காரர், பழைய குழுவில் கூட இருந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து இறங்கினார்.

"டேய் கரடி, வயலின் கூடவா உன்னைக் கடிச்சிடும்?"

"சத்தம் கூடினா எனக்கு உசுரு போயிடுதுடா."

"உன் வலப்பக்கம் தள்ளி உக்காந்து, மெதுவா வாசிக்கிறேன். பயமா இருந்தா கையைத் தூக்கு. ஏன்னு கேக்க மாட்டேன்."

இரண்டு முறை கையைத் தூக்கினார். வயலின்காரர் வில்லை இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மூன்றாம் முறை கரடி பாடினார். உறுமல் இல்லை. இவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பாடி யாரும் கேட்டதில்லை. வார்த்தைகளுக்கு நடுவே அவர் மூச்சு நடுங்கியது. தங்கை அதை வெட்டவில்லை. சுண்டெலி பாடி வைத்துவிட்டுப் போன பாட்டிலும் மறுநாள் அதே குரலில் தன் பங்கைச் சேர்த்தார்.

மிக்ஸிங் முடிந்து தங்கை நாலையும் போட்டுக் காட்டினாள். அவருக்குப் பாதி ரெக்கார்டுதான் கேட்டது.

"இடப்பக்கம் என்ன வெச்சிருக்கே?"

"மூணாவதுல உன் கிடார். நாலாவதுல வயலின் உள்ள வந்து போகும்."

"நல்லா இருக்கா?"

"இருக்கு."

பொய் சொல்கிறாளா என்று அவள் முகத்தையே பார்த்தார். தன் பாட்டைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது இதுதான் முதல் தடவை. அவளை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. "சரி, வெளியிடு" என்றார்.

அன்று பிற்பகலே நாலு பாட்டும் வெளியே போயின. மாடிக்கு வா, டீ ஆறுது என்று தங்கை கூப்பிட்டாள். கேட்டவர்கள் என்ன சொல்லப்போகிறார்களோ என்ற பயத்தில் அவர் கீழே ஸ்டுடியோ நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். முதல் ரெக்கார்டு வந்த நாளிலும் இப்படித்தான் இருந்தது. இந்தப் பயத்தோடு அவர் பல வருடம் குடித்தனம் நடத்தியவர். சற்றுப் பொறுத்து எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, டீ குடிக்கப் படியேறினார்.