ஒரு கட்டைப் பாணி

எங்கள் கல்லூரியின் வரலாற்றை எழுதியவன் நான்தான். அதைப் படித்துவிட்டு யாராவது அடிக்க வந்தால் முதலில் ஓட வேண்டியவனும் நான்தான். இதுவரை யாரும் வரவில்லை. யாரும் படிக்கவில்லை என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது ஸ்ரீ கானவிலாஸ் இசைக் கல்லூரி. பலகையில் 'நிறுவப்பட்டது 1948' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். 2009 வரைக்கும் அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். நான் அங்கே மாஸ்டர். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்து எங்கள் பிழைப்பில் மண் விழுந்ததும் முதலாளி ஆதிநாராயணன் ஒரு வாரம் யோசித்தார். கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. அந்தத் தகுதியை வைத்துத் தன்னை முதல்வர் ஆக்கிக்கொண்டார். மிஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு என்னைக் கிளார்க் ஆக்கினார். பெஞ்சுகளை மாற்றவில்லை. பரீட்சையையும் மாற்றவில்லை, டைப்ரைட்டிங்கில் இருந்த லோயர், ஹையர் என்பதையே பாட்டுக்கும் வைத்தார்.

எங்கள் பயிற்சித் திட்டங்களைப் பற்றிக் கேட்டால் பளபள காகிதத்தில் ஒரு புத்தகம் கொடுப்போம். வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் என்று நான்கு துறைகள். வீணைத் துறையில் வீணை இல்லை. மிருதங்கத் துறையில் மிருதங்கம் இருந்தது, வாசிக்கத் தெரிந்தவர் இல்லை. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்களுக்கு 'நாற்பத்தைந்தே நாளில் அரங்கேற்றம்' என்று ஒரு தனித் திட்டம். அதில் நாற்பது நாள் பட்டுப்புடவை எடுக்கவும் போட்டோகிராபர் பிடிக்கவும் போய்விடும். உண்மையில் நடந்தது வாய்ப்பாட்டு வகுப்பு ஒன்றுதான். அதையும் முதல்வரே எடுத்தார்.

எல்லா வினைக்கும் காரணம் சுருதிப்பெட்டி. பாடுகிறவருக்குத் துணையாக விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் பெட்டி அது. அவரவர் தொண்டைக்கு ஏற்றபடி அதன் குமிழைத் திருகி உயர்த்தலாம், தாழ்த்தலாம். அந்த அளவைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பெரும்பாலும் ஆண்களுக்கு ஒரு கட்டை, பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. எங்களிடம் இருந்த ஒரே பெட்டியின் குமிழ் உடைந்து, அது ஒரு கட்டையிலேயே நின்றுவிட்டது. முதல்வரின் தொண்டையும் ஒரு கட்டை என்பதால் உடைந்ததே அவருக்கு உறைக்கவில்லை. பெண் பிள்ளைகளெல்லாம் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் மேலே ஏறிப் பாடினால், "கத்தாதம்மா, இது சங்கீதம்" என்பார்.

ஒருநாள் ஒலக்கூரிலிருந்து வந்த ஒரு தகப்பனார், தன் மகள் வீட்டில் ஆம்பளைக் குரலில் பேசுகிறாள் என்று சண்டைக்கு நின்றார். பெட்டியை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, எழுபதாம் ஆண்டு மலரில் இதற்கு ஒரு விளக்கம் எழுதச் சொன்னார்.

ஒரே மத்தியானத்தில் எழுதினேன். முதல்வரின் தாத்தா மரக்காணம் கடலில் கழுத்தளவு தண்ணீரில் நாற்பது நாள் நின்றார், அலையின் அடி ஓசையிலிருந்து 'ஒரு கட்டைப் பாணி'யைக் கண்டெடுத்தார் என்று. தாத்தா மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருந்தவர். மரக்காணத்துக்கு அவர் போயிருந்தால் உப்பு வாங்கத்தான் போயிருப்பார். படித்த முதல்வர் கண் கலங்கிவிட்டார். அடுத்த வருஷமே பரீட்சைத் தாளில் 'பாணி காத்தல்' என்று நாற்பது மதிப்பெண் சேர்க்கச் சொன்னார். அதையும் நான்தான் டைப் அடித்தேன். சிரித்துக்கொண்டே அடித்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் கெடார் கிராமத்திலிருந்து மலர்விழி வந்து சேர்ந்தாள். அம்மா குப்பம்மாள் மல்லாட்டை பிடுங்கவும் களை எடுக்கவும் கூலிக்குப் போகிறவர். பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்ட பெண்ணை எங்கள் கல்லூரிதான் சேர்த்துக்கொண்டது. விழுப்புரத்தில் பஸ் மாறி மூன்று வருஷம் ஒருநாள் தவறாமல் வந்தாள். வகுப்பில் எல்லோரையும் போல உறுமுவாள். மத்தியானம் என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் ஐந்தரைக் கட்டை சுருதி வைத்துக்கொண்டு தன் குரலில் பாடுவாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அவள் பாடும்போது டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அவள் பாடிக் கேட்டுவிட்டு, பாட்டு டீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். டிப்ளமோவைக் கொண்டுவந்து காட்டினால் போதும். அந்த வேலை கிடைத்தால் அம்மாவை வெயிலில் குனியவிட மாட்டேன் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இந்தப் பங்குனியில் கடைசிப் பரீட்சை. வெளியிலிருந்து முனைவர் தென்னரசு தேர்வாளராக வந்தார். தேங்காய்ப்பூ டவலும் சந்தன மாலையுமாக வரவேற்றோம். மலர்விழி உள்ளே போனாள். முதல்வரும், மார்க் ஃபைலோடு நானும் ஓரமாக நின்றோம். கல்லூரிப் பெட்டியைத் தொடவில்லை, செல்போனை வைத்துக்கொண்டு ஐந்தரைக் கட்டையில் பாடினாள். மூன்று வருஷம் அமுக்கி வைத்த குரல் அந்த மாடி முழுக்க நிறைந்தது. தேர்வாளரின் கை தானாகத் தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, தாளில் ராகம், தாளம், சாகித்தியம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அறுபதுக்கு நாற்பத்தெட்டு போட்டார். பாணி காத்தலுக்குப் பூஜ்யம். தேற ஐம்பது வேண்டும்.

முதல்வர் இருக்கிறார் என்றும் பார்க்காமல் தேர்வாளர் முன்னால் போய் நின்றேன்.

"சார், அப்படி ஒரு பாணியே கெடையாதுங்க. குமிழ் ஒடைஞ்சி போச்சி. மலர்ல இருக்கிறது பூரா நான் ஒக்காந்து எழுதுன பொய்யிங்க."

தென்னரசு கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு கட்டைப் பாணியில்தான் தான் முனைவர் பட்டம் வாங்கியதாகவும், முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வு என்றும், எங்கள் மலரின் பதினான்காம் பக்கத்தை அதில் இருபத்தாறு இடத்தில் மேற்கோள் காட்டியிருப்பதாகவும் பொறுமையாக விளக்கினார். என் வரலாற்றுக்கும் ஒரு வாசகர் இருந்திருக்கிறார்.

"நீங்க எழுதுனீங்க, சரி. ஆனா அது உங்க மூலமா வெளிப்பட்டிருக்குது. அது கிளார்க்குக்குப் புரியாது."

முதல்வர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை அன்றே போயிருக்க வேண்டும். வேறு வரலாற்று ஆசிரியர் கிடைக்காததால் தப்பித்தேன். மலர்விழி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"சார், இன்னொரு தபா பாடிக் காட்டட்டுங்களா?"

கல்லூரிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு அதே பாட்டை ஒரு கட்டையில் ஆரம்பித்தாள். முதல் வரி உறுமலாக வந்தது. இரண்டாவது வரியில் பாதி காற்று. அதற்கும் கீழே இறங்கியபோது குரலே இல்லை, வாய் மட்டும் அசைந்தது. தென்னரசு கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நாதம் கரைகிற இடம் அதுதான் என்றார். பூஜ்யத்தை அடித்துவிட்டு முப்பத்தொன்பது போட்டார். மலர்விழி முதல் வகுப்பில் தேறினாள்.

அவள் சந்தோஷம் அரை மணி நேரம் இருந்தது. முப்பத்தொன்பதைப் பார்த்த முதல்வருக்கு அவளை விட மனசு வரவில்லை. பாணியின் வாரிசு கிடைத்துவிட்டாள் என்றார். சேரும்போது குப்பம்மாள் கைநாட்டு வைத்த படிவத்தை எடுத்தார். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் கல்லூரியிலேயே பாடம் எடுத்தால்தான் ஒரிஜினல் சர்டிபிகேட் கைக்கு வரும் என்று அதில் ஒரு வரி இருந்தது. ஏதோ பெரிய கல்லூரிப் படிவத்தைப் பார்த்து நான் டைப் அடித்த வரிதான். சர்டிபிகேட்டை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். மலர்விழி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு வருசம் தானே சார்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். விழுப்புரம் பள்ளியில் ஜூன் மாதம் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள்.

இப்போது வாய்ப்பாட்டு வகுப்பு அவளுடையது. மத்தியானம் என் மேஜைக்குப் பக்கத்தில் அவள் வருவதில்லை. நான் சாப்பாட்டை முடித்துவிட்டு ஃபைலைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். போன வாரம் முதல் வருஷத்தில் ஷாலினி என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். நல்ல கணீர்க் குரல், சேர்ந்த அன்றே தன்பாட்டுக்கு மேலே ஏறிப் பாடிக்கொண்டிருந்தாள். மலர்விழி அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அவ்ளோ மேல போவாதம்மா. கீழ வா. இன்னும் கீழ. மார்க்கு அங்கதான் இருக்குது."