ஆர்னால்டின் மத்தியான ஊசி

தேக்கா சந்தைக் கடையில் பிரிஜட் பிரியாணித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. ஈரக் கையோடு எடுத்தாள். உட்லண்ட்ஸ் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்து ஊழியர் கிளாரிசா.

"அக்கா, இன்னும் வரலையா? ஊசி போடாம ஆர்னால்டுக்கு சாப்பாடு கொடுக்க முடியாது. ரொம்ப சத்தம் போடுறாரு."

ஆர்னால்ட் அவள் தம்பி. நாற்பது வயதைத் தாண்டியும் சட்டைப் பொத்தானைத் தானாகப் போடத் தெரியாது. அம்மா போன பிறகு அவனுக்கு அவள்தான். சர்க்கரை ஏறி மருத்துவமனையில் கிடந்து வந்ததிலிருந்து மத்தியானமும் இன்சுலின் போடவேண்டியிருந்தது. நிலையத்தில் ஊசி போட ஆளில்லாததால் அவளே போய்ப் போட்டு வந்தாள்.

"பாய், போயிட்டு ஓடி வந்துடறேன்."

கடைக்காரர் ஜமால் முகம்மது கல்லாவிலிருந்து திரும்பவில்லை. "தினமும் லஞ்ச் கூட்டத்துல ஓடுற. இன்னைக்கும் கெளம்புனா அப்படியே போயிடு லா. நான் வேற ஆளு பாத்துக்கிறேன்."

பிரிஜட் ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு ரயிலுக்கு நடந்தாள்.

பராமரிப்பு நிலையம் கீழ்த்தளத்தில் இருந்தது. அதே கட்டடத்தின் மேல்தளத்தில் கிளினிக். வைத்தியமும் பராமரிப்பும் இனி ஒரே இடத்தில் என்று சொல்லித்தான் திறந்தார்கள். அதை நம்பித்தான் தம்பியை இங்கே சேர்த்தாள்.

மூடி வைத்த சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஆர்னால்ட் மேசையைக் குத்திக்கொண்டிருந்தான்.

"மேல நர்ஸ் இருக்காங்கல்ல? லிஃப்ட்ல கூட்டிட்டுப் போங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று கிளாரிசாவிடம் கேட்டாள்.

"எங்க ஸ்டாஃப் கூட்டிட்டுப் போகக்கூடாது அக்கா. விழுந்துட்டா யாரு பதில் சொல்றது? அப்புறம், இங்க உள்ள வச்சுப் போடாதீங்க. மத்தவங்க பயப்படுறாங்க. வெளிய போயிடுங்க."

அவன் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள். லிஃப்ட் திறந்தது. கிளினிக் நர்ஸ் ருக்கையா சாப்பிடக் கிளம்பி வந்தாள். பிரிஜட் வழியை மறித்தாள்.

"நீங்க தினமும் இந்த வழியாத்தான போறீங்க? ஒரு ஊசி போட்டா என்ன?"

"கீழ இருக்குறவங்க அவங்க பொறுப்பு. மேல வந்து பதிஞ்சாத்தான் எங்க பேஷண்ட். இங்க தொட்டேன்னா என் வேலை போயிடும்."

"என் வேலை போயிடுச்சு."

"அத என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

பிரிஜட் பையைத் திறந்து ஊசியைத் தேடினாள். வெள்ளைச் சீருடையைப் பார்த்ததும் ஆர்னால்ட் சத்தத்தை நிறுத்தியிருந்தான். மருத்துவமனையில் பழக்கியபடி வயிறு தெரியச் சட்டையை இரண்டு கையாலும் நெஞ்சுவரை தூக்கிப் பிடித்து, ருக்கையாவின் முன்னால் போய் நின்றான்.

"மிஸ்ஸி, ஊசி," என்றான்.

ருக்கையா அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து மூடியது. ஆர்னால்ட் கதவின் பக்கம் திரும்பி, தூக்கிய சட்டையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தான்.